பாதி வேலையில் நூல் தீர்ந்தால்: மலைநாட்டுக் கைத்தையலுக்கு எங்கே வாங்குவது, எங்கே விற்பது?

மேசைவிரிப்பில் மூன்றே மூன்று இலைதான் பாக்கி. பச்சை நூல் தீர்ந்துவிட்டது. ஹட்டனில் வாங்கிய நூல் அது. கட்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டியை முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டதால் நிற இலக்கம் தெரியவில்லை. கடையில் கேட்டேன். "அந்தப் பச்சை முடிஞ்சுது மிஸ், இனி எப்ப வருமோ தெரியல" என்றார்கள். கண்டிக்குப் போய், கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்து, அதே பச்சைதான் என்று வாங்கி வந்தேன். தைத்து முடித்து மறுநாள் காலை வாசலில் விரித்தபோது அந்த மூன்று இலையும் நீலம் பாய்ந்து தனியாகத் தெரிந்தன. கொத்து முழுவதையும் பிரித்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து நான் கடைகளை விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில்லை. பாதியில் தீர்ந்தால் திரும்பப் போய் அதே நூலை வாங்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் தோட்டத்தில் இருந்துகொண்டு தைக்கிற நமக்கு பஸ் காசும் அலைகிற நாளும் நூலின் விலையோடு சேர்ந்தே வருகின்றன.

நூல்: டவுனா, கண்டியா, புறக்கோட்டையா, இணையமா?

பக்கத்து டவுன் ஃபேன்சி கடையின் பெரிய வசதி, ஒரே ஒரு கட்டு கேட்டாலும் தருவார்கள். நிறத்தை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவும் விடுவார்கள். ஊசி, குரோஷே ஊசி, துணியை இழுத்துப் பிடிக்கிற வளையம், பொத்தான், கம்பளி நூல் எல்லாவற்றுக்கும் நான் இன்னும் அங்கேதான் போகிறேன். ஆனால் எம்பிராய்டரி நூலில் சிக்கல் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இலக்கம் உள்ளதும் இல்லாததும் கலந்து கிடக்கும். இலக்கம் இல்லாத நூல் விலை குறைவு, மினுமினுப்பும் இருக்கும். அதைச் சின்ன வேலைக்கு, ஒரே அமர்வில் முடிகிற கைக்குட்டைக்கு மட்டும் எடுங்கள்.

எடுத்தாலும் சாயம் போகிறதா என்று பார்க்காமல் ஊசியில் கோர்க்க வேண்டாம். ஒரு விரல் நீளம் நூலை வெட்டி, வெந்நீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துண்டுக்குள் மடித்து, மேலே ஒரு கனமான பாத்திரத்தை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டில் ஒரு கோடு விழுந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நான் எப்போதும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

கண்டியில் தெரிவு கூடுதல். கொழும்பு வீதிப் பக்கம் துணியும் தையல் சாமானும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஆனால் ஹட்டனில் இருந்து போய்வர அன்றைய பொழுது போய்விடும். வேறு வேலையோடு சேர்த்துப் போனால்தான் கட்டும்.

கொழும்புப் புறக்கோட்டை வேறு கணக்கு. கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் துணியின் விலையைக் கேட்டபிறகு ஊரில் வாங்க மனம் வராது. ஆனால் பல கடைகளில் பெட்டியாகவோ டசனாகவோ எடுத்தால்தான் அந்த விலை. தனி ஆளுக்கு ஒரே நிறத்தில் பன்னிரண்டு கட்டு எதற்கு? நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒருவரை அனுப்பிப் பங்கு போடுகிறோம். வெள்ளை, கறுப்பு, இலைப்பச்சை மூன்றும் எல்லோருக்கும் வேண்டும். மற்ற நிறங்களை ஆளுக்கு ஆள் எழுதிக் கொடுப்போம். குறுக்குத் தையலுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த அய்டா துணியையும் அங்கேயே கெஜக் கணக்கில் வாங்கிவிடுகிறோம்.

இணையத்தில், தராஸ் போன்ற இடங்களில் வாங்குவதற்குப் பலர் தயங்குகிறார்கள், போனில் தெரிகிற நிறமும் கைக்கு வருகிற நிறமும் ஒன்றாக இருக்காது என்று. உண்மைதான். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்காமல் இலக்கத்தைப் பார்த்து வாங்கினால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். 1746இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பனியான டி.எம்.சி.யின் ஆறிழைப் பருத்தி நூலில் 500 நிறங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நிலையான இலக்கம் உண்டு. 310 என்றால் கறுப்பு, எந்த ஊரில் வாங்கினாலும். ஆங்கர் என்ற இன்னொரு கம்பனி நூலின் இலக்கம் வேறு: அதே கறுப்பு அங்கே 403. இரண்டுக்கும் ஒப்புப் பட்டியல் தேடினால் கிடைக்கும். கறுப்பிலும் வெள்ளையிலும் பட்டியலை நம்பலாம், நடு நிறங்களில் கிட்டத்தட்டத்தான் வரும். ஒரு வேலையை எந்தக் கம்பனி நூலில் தொடங்கினோமோ அதிலேயே முடிப்பது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். டி.எம்.சி. இலக்கத்தையே போட்டு வேறு கம்பனிகள் விற்கிற நூல் தொகுதிகள் இருக்கின்றன. விலை மிகக் குறைவு, பழகுவதற்குப் பரவாயில்லை. ஆனால் இலக்கம் ஒன்றாக இருப்பதால் நிறமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் பாதியில் மாற்றினால் என் மூன்று இலைக் கதைதான்.

எத்தனை கட்டு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்தால் பாதிப் பிரச்சினை வராது. ஒரு கட்டு 8 மீற்றர், அதில் 6 இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீற்றர் தைக்கலாம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள அய்டாவில் குறுக்குத் தையல் போட்டால், வீணாவது போக, 1,500 தையலுக்குக் குறையாமல் வரும். மாதிரியில் அந்த நிறத்துக் கட்டங்களை எண்ணி 1,500ஆல் வகுத்து, அதற்கு மேல் ஒரு கட்டு கூட்டி வாங்குங்கள். பட்டியை எறியாமல் ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

என் தெரிவு: பெரிய வேலைக்கு இலக்கம் உள்ள நூலை இணையத்தில் அல்லது கூட்டாகப் புறக்கோட்டையில் ஒரே தடவையில் எடுப்பது. சின்ன வேலைக்கு டவுன் கடை போதும். நாம் வாங்காவிட்டால் அந்த அண்ணாவும் நூல் பெட்டியை எடுத்துவிட்டு போன் கவர் தொங்கவிடுவார், அதுவும் எனக்குக் கவலைதான்.

துணியைப் பற்றி அதிகம் இல்லை. 14 கட்டம் என்றால் அங்குலத்துக்கு 14 தையல், ஆகவே 140க்கு 98 தையல் உள்ள படம் 10க்கு 7 அங்குலம் வரும். அதையே 11 கட்டத் துணியில் போட்டால் ஏறக்குறைய 12 முக்காலுக்கு 9 ஆகிவிடும், சட்டகமும் பெரிதாக வேண்டும். கண் மங்கலானவர்களுக்கு 11 சுகம். மழை மாதங்களில் ஹட்டன் பக்கம் துணி ஈரம் வாங்கிப் புள்ளி விழும், ஊசியும் துருப்பிடிக்கும். ஊசியைத் துணியில் குத்தியபடி இரவு விடாதீர்கள், வளையத்தையும் கழற்றி வையுங்கள்.

மாதிரிகள்: இலவசமாக இருப்பதும் வீட்டிலேயே இருப்பதும்

இதில் காசு செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. டி.எம்.சி. தன் தளத்தில் இலவச மாதிரிகள் வைத்திருக்கிறது. 2007இல் தொடங்கிய ராவெல்ரி தளத்தில் பின்னல், குரோஷே மாதிரிகள் ஏராளம், இலவசமானவற்றை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். தெரேஸ் டி டில்மோன் 1886இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியத்தின் ஆங்கிலப் பதிப்பு, பழைய நூல்களை இலவசமாகத் தருகிற குட்டன்பர்க் தளத்தில் முழுவதும் கிடைக்கிறது, படங்கள் அவ்வளவு தெளிவு.

குரோஷேக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறை, யூடியூப்பில் பெரும்பாலும் அமெரிக்க முறை. பிரித்தானியர் 'டபிள் குரோஷே' என்பதைத்தான் அமெரிக்கர் 'சிங்கிள்' என்கிறார்கள். பிரித்தானிய 'ட்ரெபிள்' அங்கே 'டபிள்'. இது தெரியாமல் குழந்தைத் தொப்பி பின்னினால் அளவு வராது, பிழை நம் கையில் என்று நினைத்துக்கொள்வோம். மாதிரியில் 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒப்பிட்டால் நம் ஊர் மாதிரிகள் இன்னும் பெரிய சொத்து. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டிப் பிரதேசத்துத் தையல் வேலைகளும் வருகின்றன. வெற்றிலைப் பைகளையும் கொடி வேலைப்பாடுகளையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் 1947இல் காலமானார், ஆகவே பதிப்புரிமைத் தொல்லை இல்லை. அப்புறம், நம் வாசலில் போடுகிற புள்ளிக்கோலம். நேர்ப்புள்ளிக் கோலத்தைக் கட்டத்தாளில் எடுத்தால் அதுவே குறுக்குத் தையல் மாதிரி. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு கட்டம் விட்டுப் பாருங்கள், வளைவு படிக்கட்டு மாதிரித் தெரியாது. வெள்ளை நூலில், செங்கல் நிறத் துணியில் என் மாணவி ஒருத்தி போட்ட மார்கழிக் கோலத்தை இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள்.

விற்பது

விலை சொல்வதில்தான் நம் பெண்கள் தோற்றுப்போகிறார்கள். நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 168 ரூபா 75 சதம். அம்மா கொழுந்து எடுத்து அன்று வாங்கிய அந்தச் சம்பளமே போதாது என்றோம், அதிலும் குறைவாக நம் ஊசிக்கு விலை வைக்கலாமா? அந்தக் கணக்கிலேயே 40 மணி நேர வேலைக்கு உழைப்பு மட்டும் 6,750 ரூபா. அதன்மேல் துணி, நூல், பஸ் காசு. இதற்குக் கீழே கேட்டால் கொடுக்காதீர்கள்.

நுவரெலியா, எல்ல பக்கத்து நினைவுப்பொருள் கடைகள் வெளிநாட்டார் கண்ணில் படுகிற இடம். ஒன்பது வளைவுப் பாலம், இரண்டு இலையும் மொட்டும் என்று சின்னதாகத் தைத்தால் போகும். ஆனால் 'விற்றால் காசு' என்ற பேச்சில் கொடுத்தால் கவனம். ஒரு கடையில் நான் கொடுத்த இரண்டு படங்கள் ஏழு மாதம் கண்ணாடிப் பெட்டியில் வெயில் பட்டு வெளுத்துத் திரும்பி வந்தன. இப்போது திகதி, விலை, எத்தனை மாதத்தில் திருப்பித் தருவது, பழுதானால் யார் பொறுப்பு என்று இரண்டு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒன்றும் விடுவதில்லை. கையில் காசு கொடுத்து வாங்குகிற கடை கால்வாசி குறைத்துக் கேட்டாலும் அதையே தெரிவு செய்வேன்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா நிறைய உள்நாட்டுக் கூட்டம். அவர்கள் சட்டகம் போட்ட படம் வாங்குவது குறைவு. குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிற குழந்தைக்குத் தொப்பி, காலுறை, கழுத்துத் துணி என்றால் அந்த இடத்திலேயே காசு. பண்டாரவளை ஞாயிறு சந்தையிலும் இதே கதைதான். ஜனவரியிலிருந்தே பின்னிச் சேர்த்தால்தான் கட்டும். லக்சல போன்ற அரசக் கடைகளில் மரியாதை உண்டு, ஆனால் ஒரே தரத்தில் ஒரே அளவில் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தனி ஆளாகப் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு அது பாரம், குழுவாக இருந்தால் போய்ப் பேசலாம்.

ஃபேஸ்புக், வட்ஸ்அப் வழியாக விற்பதுதான் தோட்டத்தில் இருந்தபடியே செய்யக்கூடியது. பொருள் கைக்கு வந்ததும் காசு என்ற முறையில் அனுப்பினால் சிலர் பொதியை ஏற்காமல் திருப்பிவிடுவார்கள், போக வரச் செலவு நம் தலையில். பெயர் தைத்துக் கேட்கும் ஓடருக்குப் பாதிப் பணம் முன்கூட்டி வாங்கிவிடுங்கள், அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. வெளிநாட்டுத் தளங்களைப் பொறுத்தவரை, கடை திறப்பதற்கு முன் அந்தப் பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு வருகிற வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல காசு வருவது, நாங்கள் பல நாள் கண்டுகொள்ளாத ஒன்றில்: கல்யாண சாரி பிளவுஸ் கைக்கும் கழுத்துக்கும் போடுகிற வேலை. துணி அவர்களுடையது, முற்பணம் வரும், பார்த்தவர் இன்னொருவரை அனுப்புவார். ஆவணியில் முகூர்த்தம் வைத்தவர்கள் ஆனியிலேயே வந்துவிடுவார்கள். ஒரு தடவையில் இரண்டு பிளவுஸுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், மழைநாளில் பகல் வெளிச்சம் நான்கு மணிக்கே போய்விடும்.