டிஸ்க்கின் வகையை மவுண்ட் கண்டுபிடிக்கவில்லையா? எந்த வழி நல்லது

வெள்ளவத்தைக் கல்யாண வீடியோக்காரர் தந்த டிஸ்க், லினக்ஸில் சில நேரம் மவுண்ட் ஆகாது, அதாவது இணைந்து கோப்புகளைக் காட்டாது. "அண்ணை, விண்டோஸில வடிவாத் திறக்குதே" என்பார் அவர். பொய்யில்லை.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைதான் (ஃபைல்சிஸ்டம்) அதன் வகை. வகையைச் சொல்லாமல் மவுண்ட் கட்டளையைக் கொடுத்தால், வகையைக் கண்டறியும் லிப்பிளாக்ஐடி என்ற நிரல் நூலகம் டிஸ்க்கின் குறித்த சில இடங்களில் அடையாளக் குறிகளைத் தேடும். விண்டோஸின் வகையான என்டிஎஃப்எஸ்ஸின் குறி தொடக்கத்திலிருந்து 3 பைட் தள்ளி இருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ்ஸின் குறி 65,600 பைட் தள்ளி. முன்பு பிடிஆர்எஃப்எஸ் ஆக இருந்த டிஸ்க்கை விண்டோஸில் என்டிஎஃப்எஸ் ஆகக் குயிக் ஃபார்மட் (முழு டிஸ்க்கையும் அழிக்காத ஃபார்மட்) செய்தால், பழைய குறி அழியாமல் கிடக்கலாம். இரண்டும் அகப்பட்டால் மவுண்ட் எதையும் தெரிவு செய்யாது, நின்றுவிடும்.

சிலர் உடனே ஈடிசி அடைவிலுள்ள ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பில், அதாவது முயன்று பார்க்கவேண்டிய வகைகளின் பட்டியலில், கை வைப்பார்கள். வீண் வேலை. குறி எதுவுமே அகப்படாதபோதுதான் மவுண்ட் அந்தப் பட்டியலைப் பார்க்கும்.

மவுண்ட் கட்டளையில் மைனஸ் டி (-t) போட்டு வகையை நாமே சொல்வது அடுத்த வழி. அடுத்தவர் டிஸ்க் என்றால் நான் இதைத்தான் செய்வேன், ரீட்-ஒன்லியாக (வாசிக்க மட்டும்). எதையும் அழிக்கத் தேவையில்லை. இன்னொரு கோளாறுக்கும் இதுவே மருந்து: 2021இல் வந்த 5.15 லினக்ஸ் கர்னலில் என்டிஎஃப்எஸ்ஸைத் திறக்கும் புதிய டிரைவருக்குப் பெயர் என்டிஎஃப்எஸ்3. லிப்பிளாக்ஐடியோ வெறும் என்டிஎஃப்எஸ் என்றுதான் சொல்லும். அதனால் குறி சரியாக இருந்தும் சில மெஷின்களில் 'தெரியாத வகை' என்று வரும். ஆனால் ஃபைல் மேனேஜரில் கிளிக் பண்ணித் திறக்கிறவருக்கு மைனஸ் டி உதவாது. மவுண்ட் விவரங்களை நிரந்தரமாக எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) போட்டு எழுதலாமே என்றால், இரட்டைக் குறி உள்ள டிஸ்க்குக்கு யூயூஐடியே வெளியே வராது.

சொந்த டிஸ்க் என்றால், குறிகளை அழிக்கும் வைப்எஃப்எஸ் கட்டளைதான் என் தெரிவு. வெறுமனே ஓடவிட்டால் எதையும் தொடாது; குறிகளையும் அவை இருக்கும் இடங்களையும் மட்டும் காட்டும். பிடிஆர்எஃப்எஸ் வரியில் 0எக்ஸ்10040 என்றிருக்கும்; முன்பு சொன்ன 65,600தான், பதினாறடிமான எண்ணில். அந்த இடத்தை மட்டும் மைனஸ் ஓ-வுடன் (-o) கொடுத்தால் பழைய குறி போய்விடும், அப்புறம் கிளிக்கிலேயே திறக்கும். மைனஸ் ஏ (-a) போட்டால் நல்ல குறியும் சேர்ந்தே போகும். அந்தப் பக்கமே போகவேண்டாம். கூடவே பேக்கப் தெரிவையும் சேருங்கள். அழித்த பைட்டுகள் ஹோம் அடைவில் ஒரு குட்டிக் கோப்பாக விழும். தவறான குறியை அழித்திருந்தால் பைட்டுகளை நகலெடுக்கும் டிடி கட்டளையால் திருப்பி எழுதலாம்.