கோட்டூர்புரம் நூலகத்தின் சொந்த நூல் பிரிவு: டிகிரியை முடிக்கத் திரும்பியிருப்பவர்களுக்காக

வேலைக்குப் போய்க்கொண்டே, பாதியில் விட்ட டிகிரியை முடிக்க நினைக்கிறீர்களா? முதலில் உட்கார்ந்து படிக்க ஒரு இடத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். புத்தகம், டியூஷன், யூடியூப் வகுப்பு எல்லாம் அப்புறம். எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தது சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சொந்த நூல் படிக்கும் பிரிவு. நூலகத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வயது 39. மந்தைவெளியில் வீடு, ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு வேலை. பி.காம். இரண்டாம் வருடம் முடித்த கையோடு அப்பா படுத்துவிட்டார், படிப்பு நின்றது. பழைய மார்க்குகளுக்கு உரிய கால வரம்பு எப்போதோ தாண்டிவிட்டதால், தொலைதூரக் கல்வி தரும் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முதலிலிருந்து சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை நீட்டி முடிக்கலாம் என்பதால்தான் சேரவே துணிச்சல் வந்தது. ஆனால் சேர்ந்த பிறகுதான் நேரக் கணக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. செலவுக் கணக்கியல் போல 6 கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 180 மணி நேரம். இதை வீட்டில் எங்கே போய்த் தேடுவது? எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. மகன் ஒன்பதாவது படிக்கிறான், இருக்கிற ஒரே மேசை அவனுக்கு. ஹாலில் அத்தைக்கு டிவி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பகல் முழுக்கத் தனியாக இருப்பவருக்கு அது வேண்டும்தான். ஆனால் நான் வீட்டில் இருக்கும்வரை குக்கர் விசிலுக்கு எழுந்திருக்க வேண்டியவள் நான்தான்.

நூலகத்துக்கு வருவதற்கு முன், மாத வாடகைக்குக் கேபின் விடும் ஒரு படிப்பறையிலும் சேர்ந்து பார்த்தேன். ஏசி, தனி விளக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க அங்கேயே கிடக்கும் மாணவர்களை மனதில் வைத்துப் போட்ட கட்டணம் அது. எனக்குக் கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் ஒன்றிரண்டு மாலையும்தான். அதற்கு முழு மாத வாடகை கொடுப்பது நியாயமாகப் படவில்லை. நூலகத்தில் நுழைய ஒரு பைசா கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

இந்தப் பிரிவின் விசேஷம் என்னவென்றால், மேல் மாடிகளில் நூலகத்தின் புத்தகங்களைப் படிக்கலாம், நம் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. தரைத்தளத்து இந்த அறையில் நம் புத்தகம், நம் நோட்டு எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொள்ளலாம். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு வேண்டியது இதுதான். நமக்கு வரும் பாடப் புத்தகம் பிளாக் பிளாக்காக, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து வரும், ஒவ்வொரு யூனிட்டிலும் நாமே செய்து பார்த்துச் சரிபார்க்கக் கேள்விகள் இருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கேள்விகள்தான் வாத்தியார். பேனாவும் கால்குலேட்டருமாக ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால்தான் அவை பயன்படும்.

உதாரணத்துக்கு ஒன்று. இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் என்று ஒரு பாடம். எங்கள் கடைக்கு லாரியில் டைல்ஸ் வரும்போது ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் உடைந்துதான் வரும். இத்தனை வருடமாக எல்லா உடைசலையும் ஒரே வரியில் எழுதித் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம். அந்த அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. 100 பெட்டி 49,000 ரூபாய்க்கு வாங்குகிறோம், வழியில் 2 பெட்டி உடைவது சகஜம் என்றால், அந்த நட்டத்தை மிச்சம் 98 பெட்டிதான் சுமக்க வேண்டும். ஒரு பெட்டியின் அடக்கவிலை 490 ரூபாய் இல்லை, 500. அதற்கு மேல் இறக்கும்போது கவனக்குறைவால் 8 பெட்டி போனால், அந்த 4,000 ரூபாயைத் தனியாக எடுத்து லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். நல்ல பெட்டிகளின் தலையில் அதைக் கட்டக் கூடாது. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். "அப்போ இறக்குற இடத்துல எவ்வளவு போகுதுன்னு தனியா பார்க்கலாமேம்மா" என்றார். இப்போது உடைசலுக்கு இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாக எழுதுகிறோம். படிப்பு வேலைக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறையில் பாதிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி பிள்ளைகள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கோடு போட்டுப் படிப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நாம் மட்டும் வயதானவர்களாகத் தெரிவோமோ என்று தயங்க வேண்டியதில்லை. அங்கே யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. வேலை முடிந்து செக்யூரிட்டி சீருடையோடு வந்து படிப்பவரையும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் வெளியே வந்து டிபன் பாக்ஸைத் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க குரூப் டூவா, ஃபோரா?"

"ரெண்டும் இல்லம்மா. விட்ட டிகிரியை முடிக்கிறேன்."

"சூப்பர்க்கா. எங்க அம்மாவும் பத்தாவதோட நிறுத்திட்டாங்க. அவங்களால முடியுமாக்கா?"

முடியும் என்றேன், அம்மா முதலில் எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு அப்புறம் கூட்டு வட்டிக் கணக்கில் அவளுக்குத் தடுமாற்றம் வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து நான் சொல்லித்தருவேன். என் பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த எனக்கு நீளமான வாக்கியங்கள் சில பிடிபடாது, அவற்றை அவள் உடைத்துச் சொல்வாள். காலேஜில் எனக்குக் கிடைக்காமல் போன பெஞ்ச் தோழி அவள்.

அசைன்மெண்ட் பற்றி ஒரு வார்த்தை. இக்னோவில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் தேர்வுக்கு. அசைன்மெண்டைக் கொடுக்காமல் தேர்வு எழுத முடியாது. கையால்தான் எழுத வேண்டும். விடை எழுதித் தயாராக விற்பதை வாங்கி அப்படியே பார்த்து எழுதுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேர்வு அறையில் கை தானாக ஓடுவது, புத்தகத்தைப் பார்த்து நாமே யோசித்து எழுதிய பக்கங்களால்தான். இந்த நூலக மேசை அகலமானது. பிளாக் ஒரு பக்கம், கோடு போட்ட தாள் ஒரு பக்கம், இடிக்காமல் எழுதலாம்.

மூளை களைத்துவிட்டால் நான் இரண்டாவது மாடிக்குப் போய்விடுவேன், அங்கே முழுக்கத் தமிழ்ப் புத்தகங்கள். முதல் மாடி குழந்தைகளுக்கு. சின்னப் பிள்ளை இருப்பவர்கள், கூட அப்பாவோ பாட்டியோ வந்தால், பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாகக் கீழே படிக்கலாம். பார்வையற்றவர்களுக்கான பிரெயில் பிரிவும் தரைத்தளத்திலேயே இருக்கிறது.

2010 செப்டம்பரில் திறந்த நூலகம் இது. அடுத்த வருடமே இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது, அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போது நான் அதைச் செய்தித்தாளில் ஒரு செய்தியாகப் படித்துவிட்டுப் போனவள். இன்று அந்த வழக்குக்காக அலைந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

எழும்பூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 1896-இல் திறந்த கன்னிமாரா பொது நூலகம் பக்கம். பழைய புத்தகம் தேட அதற்கு இணை கிடையாது. ஆனால் சொந்தப் புத்தகத்தோடு நீண்ட நேரம் உட்கார என் ஓட்டு கோட்டூர்புரத்துக்குத்தான்.

வர நினைப்பவர்களுக்கு: பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே வந்துவிடுங்கள், போட்டித் தேர்வு நெருங்கும் மாதங்களில் நாற்காலிகள் சீக்கிரம் நிரம்பும். ஏசிக்கு ஒரு துப்பட்டாவோ மெல்லிய சால்வையோ இருக்கட்டும். போனை சைலண்டில் போட்டுவிட்டு, வீட்டில் இத்தனை மணி வரை கூப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியச் சமையலை இப்போது என் கணவர் பார்த்துக்கொள்கிறார்.