கிணற்று நீரா, குழாய் நீரா, கடலா: வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது குறித்து ஓர் ஒப்பீடு

திருகோணமலை நகரிலும் அதை அடுத்த உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் நாய் வளர்ப்போர் அதைக் குளிப்பாட்ட மூன்று நீர்களில் ஒன்றை நாடுகிறார்கள்: வளவுக் கிணறு, கந்தளாயில் சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய்நீர், கடல். எந்தச் ஷாம்பு நல்லது என்று கடையில் நின்று நெடுநேரம் யோசிப்பவர்கள்கூட நீரைப் பற்றி யோசிப்பதில்லை. எந்த நீர் என்று முடிவான பிறகே எதைப் பூசலாம் என்று முடிவு செய்ய முடியும் என்பதை நான் எங்கள் நாயின் முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது கடற்கரைக்குக் கிட்டிய வளவு. நாய் மண்ணிற ஊர்நாய்; குட்டை மயிர். கிணற்றடியில் குளிப்பாட்டுவதில் உள்ள பெரிய வசதி அதன் அமைதி. சீறிக்கொண்டு வரும் பைப்பைக் கண்டு மிரளும் நாய், கோப்பையால் மெதுவாக ஊற்றும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். ஆழத்திலிருந்து அள்ளும் நீரின் வெப்பமும் காலைக்கும் மாலைக்கும் அதிகம் மாறுவதில்லை. பாசி படிந்த சீமெந்துத் தரையில் கால் வழுக்குவதுதான் பல நாய்களுக்குக் குளியலின் மீதுள்ள உண்மையான வெறுப்பு. பழைய சாக்கு ஒன்றை நனைத்து விரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கிணற்றின் குறை நீரில் இருக்கிறது. கடலை ஒட்டிய வளவுகளில் பல கிணறுகள் சவர்த்தண்ணீர்க் கிணறுகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் இறங்க இறங்க உவர்ப்பு ஏறும். அந்த நீரில் ஒருநாள் நாங்கள் குளிக்கும் சவர்க்காரக் கட்டியையே நாய்க்கும் தேய்த்தேன். நுரை வரவில்லை என்று மேலும் தேய்த்தேன். விரல்களுக்கிடையே சாம்பல் நிறத்தில், திரிந்த பாலைப் போல ஒரு பிசுக்கு திரண்டது. நான்கு வாளி நீர் ஊற்றியும் அது மயிரை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் நாய் மதிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. மயிரை விலக்கிப் பார்த்தால் தோலில் வெள்ளைச் செதில்கள். இப்படிச் சவர்க்காரம் எளிதில் நுரைக்காத நீரை வன்னீர் என்பார்கள்; அதில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நீரில் கரையாத படிவாக மாறிவிடுகின்றன. துணியில் படியும் அதே பிசுக்குத்தான் அது. துணியை அலசி உதறிவிடலாம். மயிரின் அடியில், தோலை ஒட்டித் தங்கிய பிசுக்கை உதற முடியாது.

ஷாம்புவில் உள்ள செயற்கைக் கழுவு பொருட்கள் வன்னீரில் அவ்வாறு திரள்வதில்லை என்பதால், சவர்க் கிணற்றை நம்பியிருக்கும் வீட்டில் சவர்க்காரத்தைவிட ஷாம்புவே மேல் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. நாய்க்கென விற்பது வேண்டுமா, நம்முடையது போதுமா என்பது அடுத்த கேள்வி. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோலோ பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. கட்டிச் சவர்க்காரத்தின் பீ.எச். பெறுமானம் (7 என்பது நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9 முதல் 10 வரை செல்லும். அது இரு தோலுக்கும் உகந்ததன்று. நம் ஷாம்பு நம் தோலுக்காக அளக்கப்பட்டது. அவசரத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கான மெல்லிய ஷாம்புவைப் பயன்படுத்துவதால் ஆபத்தில்லை, வழக்கமாக்கினால் தோல் வறளும். எதுவானாலும் நேரே முதுகில் ஊற்றாமல், ஒரு கோப்பை நீரில் கலக்கி ஊற்றுவது நல்லது. பரவுவதும் எளிது, கழுவுவதும் எளிது.

குழாய்நீரில் இந்தப் பிசுக்குத் தொல்லை குறைவு, பைப்பைப் பிடித்தால் கழுவும் வேகமும் அதிகம். குளியலில் என் கணக்கில் பெரிய வேலை கழுவுவதுதான்: நுரை போடும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் அதற்கு வேண்டும், அக்குள், அடிவயிறு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் ஷாம்பு தங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் அரிப்பைத்தான் தரும். ஆனால் கூரை மேலுள்ள கறுத்தத் தாங்கியிலிருந்து வரும் நீரை நண்பகலில் நம்பக்கூடாது. வெயிலில் மணலில் சுருண்டு கிடந்த பைப்பிலிருந்து முதலில் வரும் நீர் கையைச் சுடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எதில் எவ்வளவு சூடு என்று கைவைத்துப் பார்த்துத்தானே ஊற்றிக்கொள்கிறோம். நாய்க்கும் அதே போல் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தபின் ஊற்ற வேண்டும். நமக்கு இதமான வெந்நீர் அதற்கு இதமாயிராமல் போகலாம். காலை ஒன்பது மணிக்கு முன் என்றால் குழாய், மதியம் என்றால் கிணறு என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலில் இறங்குவது நாய்க்கு விளையாட்டு. அதைக் குளியலாகக் கொள்ள முடியாது. உப்பு காய்ந்தால் தோல் வறளும், குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், மிகையாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. உப்புநீரில் உண்ணி செத்துவிடும் என்று நம்புவோர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். உண்ணி நீரில் மூழ்கியும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். கடலில் விளையாடி வந்த நாயை நல்ல நீரால் கழுவிவிட்டால் போதும், ஷாம்பு தேவையில்லை.

உண்ணியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், குளியலை உண்ணி மருந்துடன் ஒப்பிடுவதும் அவசியம். வேப்பிலை அவித்த நீரை நானும் ஊற்றியிருக்கிறேன்; வாசனை நல்லது, உண்ணிகள் அசைந்ததாகத் தெரியவில்லை. தரை கழுவும் கிருமிநாசினியைச் சில துளி கலந்து குளிப்பாட்டும் பழக்கம் மட்டும் கட்டாயம் கைவிடப்பட வேண்டியது. தோலை எரிப்பதோடு, நாய் உடலை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணி ஷாம்பு அன்று உடலில் இருப்பவற்றைக் கொல்லும். மதில் வெடிப்பிலும் நாய் படுக்கும் மூலையிலும் ஒளிந்திருப்பவை மறுநாள் ஏறிக்கொள்ளும். உண்ணி வழியாகப் பரவும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் நாயைச் சாகடிக்கக்கூடியவை என்பதால், இந்தப் பொறுப்பைக் குளியலிடம் விடாமல் மிருக வைத்தியரிடம் கேட்டு மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ கொடுப்பதே சரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குளியல் நாளையும் தீர்மானிக்கிறது: பிப்ரோனில் வகைச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக்கூடாது, மாத்திரை இரத்தத்தின் வழியே வேலை செய்வதால் அந்தத் தடை இல்லை. கடலுக்கு அடிக்கடி ஓடும் எங்கள் நாய்க்கு நாங்கள் மாத்திரையைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

தோல் நோய்க்கென வைத்தியர் தரும் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவோ வேறு கணக்கு. பூசி உடனே கழுவினால் பயனில்லை. ஏறத்தாழ பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் ஒருவர் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, நாய் உடலை உதறாமலும் நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், இதற்கு ஆள் துணையுள்ள கிணற்றடியே வசதி.

எத்தனை நாளுக்கொரு முறை என்பதற்குப் பருவமே விடை. நலமாக உள்ள குட்டை மயிர் நாய்க்கு மாதம் ஒரு ஷாம்புக் குளியல் போதும். ஒக்டோபரில் தொடங்கும் வாடைக்கால மழையில் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பி உவர்ப்புக் குறைகிறது. நீர் நல்லதாகும் அந்த மாதங்களில்தான் நாய் உலர்வதற்கு வெயில் கிடைப்பதில்லை. ஈரம் தங்கிய தோலில் பூஞ்சணமும் நாற்றமும் சேரும். ஆகவே மழைக்காலத்தில் முழுக் குளியலைத் தள்ளிவைத்து, வெள்ளத்தில் நடந்து வந்த கால்களை மட்டும் கழுவி, உடலை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம்.

துவட்டுவதிலும் ஒரு சிறு போட்டி உண்டு. வெயிலில் விட்டால் தானாகக் காயும் என்பார்கள். விட்டுப் பார்த்தேன், படலையோரத்து மணலில் மல்லாந்து புரண்டு, குளிக்குமுன் இருந்ததைவிட மோசமாக எழுந்து வந்தது. இப்போது பழைய துவாய் இரண்டை வைத்துக்கொண்டு, முதலில் காதுகளின் உட்புறம், பிறகு விரலிடுக்கு, கடைசியில் முதுகு என்று துவட்டி, காயும் வரை விறாந்தைத் தூணில் கட்டிவைக்கிறோம்.