ஷட்டரிலிருந்து தொடங்கும் காவல்: காரைக்குடியில் சிறு கடைகளுக்கான ஒரு பாதுகாப்புச் சேவை

சிறு கடைகளுக்குக் கேமராவும் அலாரமும் பொருத்தித் தரும் காரைக்குடி நிறுவனம் ஒன்றின் சேவையை, செக்காலைச் சாலையை ஒட்டியுள்ள எங்கள் கண்டாங்கிச் சேலைக் கடையில் கோடைக்காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறோம். அவர்களின் வேலையில் நிறைவு தந்தவற்றோடு குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ கடை வைத்திருப்பவர்கள் வேறு யாரிடம் இந்த வேலையை ஒப்படைத்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்தில் மிக அதிகமாகப் பயன்பட்டது பூட்டுக்கும் சைரனுக்கும் செலவிட்ட சிறு பகுதிதான். கேமராவுக்குப் போன பெரும்பகுதியின் பயன் அதற்கு அடுத்ததே.

அளவெடுக்க வந்த இளைஞர் கேமரா விலைப்பட்டியலை எடுக்காமல் நேராக ஷட்டருக்குப் போனது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஷட்டருக்கு இரு பக்கமும் அடியில் ஒவ்வொரு பூட்டு. பெரும்பாலான கடைகளில் இதுதான் வழக்கம். இரண்டையும் பூட்டச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அவர் நெம்பியபோது, பூட்டுகள் அப்படியே இருக்க, தகடு வில்லாக வளைந்து உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. "ஆச்சி, இதை இப்படியே விட்டுக் கேமரா மாட்டினால், உள்ளே வந்து போனவனுடைய படம் மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும்" என்றார். ஷட்டரின் நடுவிலிருந்து இரு பக்கத் தண்டவாளங்களுக்குள்ளும் கம்பி பாயும் சென்டர் லாக் ஒன்றையும், பக்கப் பூட்டுகளின் வளையத்தைக் கட்டரின் வாய் பற்ற முடியாதபடி மூடும் இரும்புக் கவசங்களையும் அவர் பரிந்துரைத்தார். கவசங்களை நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளுங்கள், எங்களிடம் வாங்கினால் விலை கூடும் என்று சொன்னதும் அவர்தான். விற்க வந்தவரிடமிருந்து இப்படி ஒரு சொல் வருவது அரிது.

பூட்டைப் பொறுத்தவரை நாங்கள் பரம்பரையாகத் திண்டுக்கல் பூட்டையே நம்புகிறவர்கள். எங்கள் கண்டாங்கிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கைவேலையாகச் செய்த மாங்காய்ப் பூட்டின் நெம்புகோல்கள் கள்ளச்சாவிக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆனால் கடை உடைப்பவர்களில் பெரும்பாலோர் சாவித் துவாரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. வளையத்தை அறுப்பார்கள், அல்லது பூட்டு தொங்கும் கொண்டியையே பெயர்ப்பார்கள். எனவே நல்ல பூட்டை வாங்கி மெல்லிய கொண்டியில் மாட்டுவது வீண் செலவு. எங்கள் கொண்டிகளையும் கனமான பட்டையாக மாற்றி, வெளியே மரை தெரியாமல் உள்பக்கமிருந்து முடுக்கினோம்.

செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. முகப்பைத் தாண்டினால் வளவு என்ற உள்முற்றம், வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உரிய உள் அறைகள், அவற்றுக்குத் தனித்தனிச் சாவிகள் என்று, நுழைந்தவன் ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்தை இழக்கும்படியாகவே அந்த வீடுகள் அமைந்திருந்தன. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் ஒரே கூடத்தில் பலர் தொழில் செய்தாலும் அவரவர் பெட்டி அவரவருக்குத் தனியாக இருந்தது. இன்றைய கடைக்கு இருப்பதோ ஒரே ஷட்டர். அது திறந்துவிட்டால் எல்லாம் திறந்ததாகிவிடும். அதனால் உள்ளே இன்னொரு தடை தேவை என்று அந்த இளைஞர் வற்புறுத்தினார். விலை உயர்ந்த பட்டுச் சேலைகளை இரவில் இரும்பு பீரோவுக்கு மாற்றுவது, கல்லாவைக் காலி செய்து, காலியாக இருப்பது கண்ணாடி வழியே தெரியும்படி திறந்தே வைப்பது என்ற இரண்டு பழக்கங்களை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறோம். பூட்டிய கல்லாவை உடைத்துப் பார்க்கிறவன் ஐந்நூறு ரூபாய் கிடைக்காவிட்டாலும் ஐயாயிரம் ரூபாய் மேசையைப் பாழாக்கிவிட்டுப் போவான்.

அலாரம் எளிய அமைப்புதான். ஷட்டரின் அடியில் காந்தம், தரையில் அதை உணரும் கருவி, உள்ளே கட்டுப்பாட்டுப் பெட்டி, அதில் ஒரு சிம் கார்டு, வெளியே உயரத்தில் சைரன். பூட்டிய பின் ஷட்டர் சற்று உயர்ந்தாலும் சைரன் அலறுவதோடு, பதிந்து வைத்த எண்களுக்கு வரிசையாக அழைப்பும் போகிறது. முதலில் அவர்கள் பொருத்தியது அதிர்வை உணரும் வகையாக இருந்ததால், ஆடிக் காற்றில் ஷட்டர் தகடு அதிர்ந்தபோதெல்லாம் நள்ளிரவில் ஓலமிட்டுத் தெருவையே எழுப்பியது; பொய்க்குரல் எழுப்பும் அலாரத்தை அக்கம்பக்கத்தார் பிறகு காதில் வாங்கமாட்டார்கள் என்பதால் இதை உடனே மாற்றச் சொன்னேன், கூடுதல் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். மின்சாரம் போனால் உள்ளிருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்குகிறது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் தேதி தவறிவிட்டால் அலாரம் யாரையும் அழைக்காது. நம் கைபேசியைப் போல அது நம் கண்முன்னே இருப்பதில்லையாதலால் தவறியது தெரியவும் வராது. எனவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கடையைப் பூட்டிய பிறகு வேண்டுமென்றே ஒருமுறை ஷட்டரைத் தூக்கி, அழைப்பு வருகிறதா என்று பார்த்துவிடுகிறோம்.

எந்த எண்ணை முதலில் பதிவது என்பதும் யோசிக்க வேண்டியதே. எங்கள் வீடு கண்டனூரில் இருக்கிறது. அழைப்பு வந்து நாங்கள் வண்டியெடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனவே எதிர்வரிசை மாடியிலேயே குடியிருக்கும் மருந்துக்கடை அண்ணனின் எண்ணை, அவருடைய சம்மதத்தோடு, முதலில் வைத்தோம். அவர் கடை அலாரத்தின் முதல் எண் எங்களுடையதன்று, எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரருடையது. அழைப்பு வந்தால் மாடி விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது, 112ஐ அழைப்பது, எக்காரணம் கொண்டும் தனியாகக் கீழே இறங்காமலிருப்பது என்று மூன்று கடைக்காரர்களும் பேசி வைத்திருக்கிறோம். எந்த நிறுவனமும் விற்க முடியாத பகுதி இது.

கேமராவுக்கு வருகிறேன். நான்கு கேமராக்களும் 2 மெகாபிக்சல் வகையைச் சேர்ந்தவை. முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரம். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல் என்பதால், காட்சி ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலத்தைத் தாண்டினால் அந்தத் தெளிவு கிடைக்காது. தெரு முழுவதையும் காட்டுகிறேன் என்று உயரத்தில் அகலக் கோணத்தில் மாட்டும் கேமரா, ஒருவர் வந்தார், நீலச் சட்டை அணிந்திருந்தார் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அதிலும் மேலிருந்து பார்ப்பதால் தலைமுடியும் தோளும்தான் பதிவாகும். நான் கேட்டுக்கொண்டபடி ஒரு கேமராவை மட்டும் வாசலுக்கு எதிரே, உள்சுவரில், ஏறத்தாழ முக உயரத்தில் வைத்தார்கள். நுழைகிற ஒவ்வொருவரின் முகமும் அதில் நிறைவாக விழுகிறது. பகலில் வாசல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்து முகம் கருத்துவிடும் என்பதால், அந்த ஒன்றுக்கு மட்டும் வெளிச்ச வேறுபாட்டைச் சமன் செய்யும் வசதியுள்ள மாதிரியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது சரியான முடிவு.

வெளிக் கேமராவில் இரவுதோறும் வெண்புகை போல ஏதோ அசைந்து, கைபேசிக்கு ஓயாமல் எச்சரிக்கை வந்தது. ஏணி வைத்துப் பார்த்தால் கண்ணாடிக்கு முன் ஒரு சிலந்தி வலை. கேமராவின் அகச்சிவப்பு ஒளி அந்த இழைகளில் பட்டுத் திரும்பிப் படத்தையே மறைத்திருந்தது. அந்த ஒளிக்கு வரும் பூச்சிகளைத் தேடிப் பல்லியும் வந்து சேரும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் தட்டிவிடுவதை எங்கள் கடைப் பையனின் வேலைகளில் சேர்த்திருக்கிறோம்.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நான்கு கேமராக்கள் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 86 ஜிகாபைட் செலவாகும். அவர்கள் முதலில் தந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினோரு நாட்களில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் சரக்கு இருப்பை மாதம் ஒருமுறைதான் எண்ணுகிறோம். குறைவு தெரியவரும் நாளில் அதைக் காட்டும் பதிவு இல்லாமல் போனால் நான்கு கேமரா இருந்தும் பயனில்லை. எனவே டிஸ்கை 2 டெராபைட்டாக மாற்றி, பதிவு வேகத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டோம். படத்தின் தெளிவில் எங்கள் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவுமில்லை.

நிறுவனத்தின் மீது எனக்குள்ள வருத்தம் இனிமேல்தான். பொருத்தி முடித்துப் போனவர்கள் பதிவுக் கருவியின் கடவுச்சொல்லாகத் தங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வைக்கும் ஒரே எளிய எண்ணையே விட்டுச் சென்றிருந்தார்கள். அதோடு, சோதனைக்காக ஊழியர் ஒருவரின் கைபேசியில் இணைத்த எங்கள் கடைக் காட்சி துண்டிக்கப்படாமலேயே இருந்தது. எங்கள் கடை எப்போது திறக்கிறது, எப்போது பூட்டுகிறது, பணம் எங்கே எண்ணப்படுகிறது என்பதையெல்லாம் ஊழியர் ஒருவர், நாளை வேலையை விட்டுப் போன பிறகும், இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடியும் என்பது சிறிய விஷயமன்று. பலமுறை நினைவூட்டிய பிறகே வந்து நீக்கிக் கொடுத்தார்கள். பதிவுக் கருவியையும் கல்லா மேசைக்கு அடியில், கை எட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள். திருட வருகிறவன் முதலில் பிடுங்கிப் போவது அதைத்தான். இப்போது அது பரண்மேல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பணம் கொடுத்து முடிப்பதற்கு முன் கடவுச்சொல்லை உங்கள் கையாலேயே மாற்றுங்கள், இணைந்துள்ள கைபேசிகளின் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசு வகுத்த பாதுகாப்புத் தேவைகளின்படி பரிசோதனையில் தேறிய கேமராக்களையே விற்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், விலை குறைவென்று பழைய இருப்பைத் தள்ள முயல்கிறவர்களிடம் அந்தச் சான்றைக் கேட்பதும் நல்லது.

பதிவு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் அதற்கும் முறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீடும் அதில் இடம்பெறும். ஆகவே திரையைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டுவிட்டு மூலத்தை அழியவிடுவது வழக்கையே பலவீனப்படுத்தும். கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இரவுக் காவலுக்கு இவ்வளவு செய்தாலும், கடையில் சிறுகச் சிறுகக் கரைவது பகலில்தான் என்பது என் உறுதியான எண்ணம். கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் இருவர் பத்துச் சேலைகளை விரிக்கச் சொல்லிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, மூன்றாமவரின் பை கனத்துவிடும். விரித்ததை மடித்து வைக்காமல் அடுத்த அடுக்கை எடுக்கக் கூடாது என்ற பழைய ஜவுளிக்கடை ஒழுங்குதான் இதற்கு மருந்து. கியூஆர் அட்டையின் மேல் இரவோடு இரவாக வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் மோசடிக்கு, அட்டையைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்துவிட்டோம். பணம் அனுப்பியதாகக் காட்டும் கைபேசித் திரையை நம்பாமல், ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகே சேலை கைமாற வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே இணையவழிப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். விரைவாகச் சொன்னால்தான் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தொகையை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.

கல்லாவின் மேல் ஒரு கேமரா வைத்ததில் பெட்டியடியில் இருக்கும் எங்கள் பையனுக்கு முதலில் மனவருத்தம் இருந்தது. மாலையில் குறிப்பேட்டின் கணக்கும் கல்லாவும் ஒருநாள் பொருந்தாதபோது, அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுக்கப்பட்டதை அறிந்தோம். அவன் மேல் ஒரு சொல்லும் விழவில்லை. இப்படிப் பயன்படும் என்றால் அந்தக் கேமராவை மட்டும் நான் தயங்காமல் எல்லாக் கடைகளுக்கும் சொல்வேன்.

செலவைப் பொறுத்தவரை, கேமராக்கள், பதிவுக் கருவி, கம்பி இழுத்த கூலி எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாயை ஒட்டி வந்தது. சென்டர் லாக், கவசங்கள், சைரன் ஆகியவை அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. கையில் குறைவாக இருப்பவர்கள் பூட்டு, சைரன், வாசலில் விடிய விடிய எரியும் ஒரு எல்இடி விளக்கு ஆகியவற்றோடு தொடங்கிவிட்டு, முக உயரக் கேமரா ஒன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். திருட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், உடைத்து நுழைந்த தடயம் இருந்தால்தான் பொதுவாக இழப்பீடு கிடைக்கும் என்பதையும், எதையும் உடைக்காமல் நடக்கும் பகல் திருட்டு பெரும்பாலும் அதில் சேராது என்பதையும் ஆவணத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளவும்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை அவர்கள் கேட்டபடி கையெழுத்திடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். புகார் சொன்ன மறுநாளுக்குள் ஆள் வர வேண்டும், வேலை முடிந்ததும் அவர்கள் கைபேசியின் இணைப்பை எங்கள் எதிரிலேயே நீக்க வேண்டும், பேட்டரியை எந்த மாதம் மாற்றுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துத் தந்தால் இவர்களிடமே தொடர்வேன். ஷட்டரை நெம்பிக் காட்டிய அந்த இளைஞரைப் போன்ற ஆட்கள் அங்கே இருக்கும்வரை, மற்றவர்களுக்கும் இவர்களைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை.