ஆமேர் கோட்டை போகிறவர்களுக்கு: 'கவர்ன்மென்ட் கடை' என்றால் காரை விட்டு இறங்காதீர்கள்

ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜெய்ப்பூர் போயிருந்தோம். ஆமேர் கோட்டைக்குக் கீழே, மாவோட்டா ஏரிக்கரையில் கார் நின்றதும் ஒருவர் ஓடி வந்தார். "வணக்கம் அம்மா, சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான், அம்மா உருகிவிட்டார். அந்த கைடுக்குத் தெரிந்த தமிழே அந்த மூன்று வார்த்தைதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. கைடு கூலி 400 ரூபாய். சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் அழகாகக் காட்டினார். ஷீஷ் மஹாலில், அதாவது கண்ணாடி மாளிகையில், ஒரு பளிங்குத் தூணின் அடியில் செதுக்கிய பூ. கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் மீன் வால், இன்னொரு பக்கத்தை மறைத்தால் தாமரை, அப்புறம் படமெடுத்த பாம்பு, யானைத் துதிக்கை. அதோடு சரி. அதற்குப் பின்னால்தான் ராஜா மான்சிங்கின் அரண்மனை, கோட்டையிலேயே மூத்த பகுதி. நடுமுற்றத்தில் தூண் மண்டபம், சுற்றிலும் ராணிகளின் அறைகள். "அது மூடியிருக்கு" என்று திருப்பிவிட்டார். அந்த வழியாக ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது! 40 நிமிடத்தில் கோட்டை முடிந்தது.

அவசரம் எதற்கென்று கீழே வந்ததும் தெரிந்தது. "கவர்ன்மென்ட் கடை, ஃபிக்ஸட் ரேட், பக்கத்திலேயே." போனோம். மரக்கட்டை அச்சில் நான்கு நிறம் மாற்றி மாற்றி ஒற்றி, துணியில் யானை வரவழைத்து அம்மா கையில் கொடுத்தார்கள். இலவசம். டீயும் இலவசம். டீ குடித்தவன் எப்படிச் சும்மா எழுந்து வருவது? ஜெய்ப்பூர் ரஜாய் (உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்று, சுத்தப் பருத்தி என்று சொல்லி, 4,800இல் தொடங்கி 3,600க்கு முடிந்தது. ஃபிக்ஸட் ரேட் அங்கேயே செத்துவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை. "பெட்டி கனக்கும், நாங்களே கூரியரில் அனுப்புகிறோம்" என்றார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. நிறம் அதேதான், ஆனால் தொட்டால் வழுக்கியது. ஓரத்தைப் பிரித்து உள்ளிருந்த பஞ்சில் கொஞ்சம் பற்றவைத்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகிப்போனது. பாலியெஸ்டர்.

கடைக்குப் போன் போட்டால், "நீங்க எடுத்ததுதான் சார் அது" என்கிறார்கள். ராஜஸ்தான் அரசின் கைவினைக் கடை 'ராஜஸ்தலி' ஜெய்ப்பூர் எம்.ஐ. ரோட்டில் இருக்கிறது என்று ஊருக்கு வந்தபிறகு தெரிந்துகொண்டேன். ரஜாய் வாங்குவதென்றால் நீங்களே கையில் தூக்கிக்கொண்டு வாருங்கள், அது அப்படியொன்றும் கனக்காது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடையின் ஜிஎஸ்டி எண் கேட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு பிள்ளையார் படம், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, நடுவில் 3,600.