வெயில் நடைக்கு இளநீரா, ஐசோடானிக் பானமா?

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி நிதிக்காக நெடுநடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலரும் கேட்பது இதைத்தான்.

உப்பு: வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஐசோடானிக் பானத்தில், அதாவது பாட்டிலில் விற்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானத்தில், சோடியம் சேர்த்தே வருகிறது. சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு படியும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த வித்தியாசத்தை லேசாக எடுக்காதீர்கள்.

சர்க்கரை: இரண்டிலும் உண்டு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் லேபிளைப் பார்த்தே வாங்குங்கள்.

வசதி: பாட்டில் பையில் அடங்கும். செம்பனைத் தோட்டப் பாதையில் இளநீர்க் கடைக்கு எங்கே போவது?

ஒரு மணி நேர நடைக்கு வெறும் தண்ணீரே போதும். மூன்று மணி நேரம் என்றால் ஐசோடானிக்கும் தண்ணீரும் மாற்றி மாற்றி. இளநீரை நடை முடிந்து பசியாறும்போது குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். தலை சுற்றினால் எதைக் குடித்திருந்தாலும் நடையை நிறுத்தி நிழலில் உட்காருங்கள்.