உரிமம் கட்டாயமில்லாத டெக்சாஸில் ஓர் உரிமப் பயிற்சி வகுப்பு

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர், உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்தோ, உறையிலிட்டு வெளியே தெரியும்படியோ பொது இடங்களுக்கு எடுத்துச் செல்லலாம். அப்படியிருக்க, உரிமப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி ஒரு சனிக்கிழமையைச் செலவிடுவானேன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். போய் வந்த பிறகு சொல்கிறேன்: சட்டம் கட்டாயத்தை நீக்கியதே தவிர, தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் எதையும் குறைக்கவில்லை.

வகுப்பின் பெரும்பகுதி துப்பாக்கியைப் பற்றியதல்ல, வாசற்கதவுகளைப் பற்றியது. கடை, அலுவலக வாசல்களில் ஒட்டப்படும், டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களான 30.05, 30.06, 30.07 என்ற மூன்று அறிவிப்புகளையும் பயிற்சியாளர் பலகையில் ஒட்டி, எது யாரைத் தடுக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். 30.06 உரிமம் உள்ளவர் மறைத்துக் கொண்டுவருவதையும், 30.07 அவர் வெளியே தெரியும்படி கொண்டுவருவதையும் தடுக்கின்றன. 30.05 உரிமம் இல்லாதவருக்கானது. உரிமம் கையில் இருப்பவருக்கு அந்த அறிவிப்பிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில் இருக்க வேண்டிய 30.06 அறிவிப்பை நான் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். ஒரு முறைகூட நின்று படித்ததில்லை. அங்கேயே அருந்துவதற்கான மது விற்பனையே வருமானத்தில் பெரும்பகுதியாக உள்ள இடங்களில் தொங்கும் சிவப்பு நிற 51% பலகை, உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு அடையாளம்.

என்னை உண்மையிலேயே உலுக்கியது பள்ளிகளைப் பற்றிய பகுதி. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே வழங்கிய உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் தோட்டாவை அகற்றி, பூட்டிய பெட்டிக்குள் வைத்துத்தான் அந்த வழியே காரில் செல்ல முடியும். மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பி, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடச் செல்பவர் தம்மையறியாமலே மத்தியச் சட்டத்தை மீறக்கூடும். இதைச் சொன்னபோது வகுப்பில் இருந்த பலர் குறிப்பேட்டைத் திறந்தார்கள்.

சுடும் தேர்வு கடினமல்ல. 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10 என மொத்தம் 50 முறை சுட்டு, 250-க்கு 175 புள்ளிகள் எடுத்தால் போதும். பயிற்சியின்போது 15 கெஜத்தில் என் குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழே விழுந்தன. பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கி, அது காலியாக இருப்பதை இரண்டு முறை சரிபார்த்து, குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை அழுத்தச் சொன்னார். நான்காவது முயற்சியில்தான் நாணயம் நின்றது. சத்தத்தை எதிர்பார்த்து என் கை முன்கூட்டியே குனிகிறது என்பதை அதற்கு முன் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மாநில எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை விரைவாகவே முடித்துவிட்டார். வெர்மான்ட் ஒருபோதும் அனுமதி கேட்டதில்லை, அலாஸ்கா 2003-லும் அரிசோனா 2010-லும் கட்டாயத்தை நீக்கின, லூசியானா 2024-ல் சேர்ந்தது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் டெக்சாஸ் உரிமத்தை ஏற்பதேயில்லை. அடிக்கடி வெளிமாநிலம் செல்பவர்கள் இதற்கென்று தனியே கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு போவது நல்லது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெயர் பதியும்போது குடியேற்ற நிலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். உரிமமின்றி எடுத்துச் செல்லலாம் என்ற மாநிலச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம்மவர்கள் இவ்வளவு பேர் வாழும் ஊரில், பணம் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, வீட்டில் பத்திரப்படுத்துவதற்குப் பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்கியது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் நானே போய்க் கேட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் தம் காரைத் திறந்து, இருக்கைக்கு அடியில் எஃகுக் கம்பியால் பிணைத்திருந்த சிறிய பெட்டியையும், இருட்டிலும் விரலால் தடவியே திறக்கக்கூடிய அதன் பூட்டையும் அரை மணி நேரம் காட்டினார். அந்த அரை மணி நேரம் வகுப்பறைக்குள், எல்லோருக்கும் நடந்திருக்க வேண்டியது.